முகம் சொல்லாமல் இருக்க ஒரு கிரீம்

என் முகத்துக்குத் தனியாக ஒரு வாய் உண்டு. எந்தச் சேதியையும் எனக்கு முந்தி அதுவே சொல்லிவிடும். முதல் தடவை நான் முழுகாமல் இருந்தபோது, தாடையோரம் பருக்கள் கிளம்பிய அந்த வாரமே எங்கள் வரிசைவீட்டு லயம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். முகமே சொல்கிறது, பெண் பிள்ளைதான் என்று ஒருத்தி ஆரம்பிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நானும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் மாதம் முடிவதற்குள் அது கலைந்துவிட்டது. அதே பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். யாரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆறுதலுக்கும் நான் முதலிலிருந்து அழவேண்டியிருந்தது. மற்றவர் பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டே அழுவது பெரிய சிரமம்.

அதனால் இரண்டாவது தடவை நாள் தள்ளியபோது வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். மூன்று மாதம் தாண்டும்வரை வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். அவர் வாயை அடைத்தாயிற்று, என் முகத்தை எப்படி அடைப்பது? அதே தாடையோரம் அதே பருக்கள் மறுபடி கிளம்பின. கண்ணாடியில் பார்த்ததும் தாடையை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் ஓட்டும் த்ரீவீலிலேயே பதுளைக்குப் போய் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தோம். சிங்களப் பெண்மணி, நிதானமாகத் தமிழ் பேசினார். நான் எதையும் மறைக்காமல், ஊர் பார்ப்பதற்குள் இந்தப் பரு போகவேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பருவுக்குக் கொடுக்கும் மாத்திரைகளிலும் கிரீம்களிலும் சில கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று சொல்லி, அசெலயிக் அசிட் கிரீம் எழுதிக் கொடுத்தார். அசிட் என்றதும் வீட்டுக்காரர் பதறிப்போய், பேட்டரிக்கு ஊற்றுவதா என்று கேட்டார். கோதுமை, பார்லியில்கூட இருக்கிற சாதுவான அமிலம்தான், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் விளக்கினார். முகத்தைக் கழுவி ஈரம் போனபிறகு காலையும் மாலையும் மெல்லிசாகப் பூசவேண்டும், முதலில் கொஞ்சம் எரியும், பலன் தெரியப் பல வாரம் ஆகும், பொறுமை வேண்டும் என்றார். என்னிடம் இல்லாத மருந்து அந்தப் பொறுமைதான்.

பூசினால் கன்னத்தில் சிவப்பெறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். சொறியவும் கூடாது. கிரீமைக் குறை சொல்ல மாட்டேன், அது வேலை செய்தது. ஆனால் முகம் தெளிந்த நேரத்தில் வயிறு பேச ஆரம்பித்திருந்தது. அந்த வயிற்றில் இருந்தவன் இப்போது என் பிள்ளைக்காம்பராவில் மற்றப் பிள்ளைகளின் சோற்றையும் சேர்த்துத் தின்கிறான். நான் சொல்ல வந்தது நடுவில் போன அந்த வாரங்களை.

லயத்தில் எங்கள் வீடு ஒரே காம்பரா, அதில் ஒரு துணித்திரைக்கு அந்தப் பக்கம் என் நாத்தனார். பதுளையில் ஒரு போன் கடையில் வேலை. அழகி, அந்த நினைப்பும் அவளுக்கு உண்டு. முகத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். அவளுக்கும் நெற்றியில் பரு இருந்தது. நான் பூசுவதைப் பார்த்துத் தனக்கும் கொஞ்சம் கேட்டாள். கேள்வி வளராமல் இருக்கட்டும் என்று கொடுத்தேன். பேரைப் பார்க்கவேண்டும் என்று டியூபைப் போனில் படம் பிடித்தாள். அடுத்த நாளே எரிகிறது என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. அதுவரை ஒரு வாளி தூக்கியறியாதவள், வேலைக்குப் போகுமுன் மலையிலிருந்து வரும் பீலியில் தண்ணீர் பிடித்து நிறைத்துவைத்தாள். விறகையும் அவளே கொண்டுவந்தாள். இவளுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது, அதுதான் இந்தக் குழைவு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். எங்கள் லயத்திலேயே வாய் நீளமான அக்கா நேராக என்னிடம் வந்து, தாடையைப் பிடித்துத் திருப்பினார். சுற்றிலும் பெண்கள்.

"என்ன, முகம் பழையபடி…" என்று அவர் இழுத்தார்.

"என்னாலதாங்க அக்கா," என்றாள் நாத்தனார். "டவுன்லருந்து ஒரு கிரீம் வாங்கியாந்தேன். ரெண்டு பேரும் பூசுனோம், ஒத்துக்கலை. எனக்கும் பாருங்க." தலைமுடியை விலக்கி, நெற்றிப் பருவை எல்லாருக்கும் காட்டினாள்.

பிறகென்ன, எல்லாரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளையாகும் ஆசையில் கண்டதையும் பூசி அண்ணி முகத்தையும் கெடுத்துவிட்டாயே என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு வார்த்தை பொறுக்காதவள் அத்தனையையும் தலைகுனிந்து கேட்டாள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

லயத்துக்கு ஏறும் பாதையில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"அந்தக் கிரீம் பேரைப் போன்ல தேடுனேன் அண்ணி. வயித்துல புள்ள இருந்தாலும் பூசலாம்னு போட்டிருந்துச்சு. நீங்க டாக்டர்கிட்ட போனதுக்கும் இதுக்கும் சரியா இருந்துச்சு." பையைக் கை மாற்றிக்கொண்டாள். "போன தடவ நீங்க அழுதது எனக்கும்தான் கேட்டுச்சு. நீங்களாச் சொல்றப்பச் சொல்லுங்க. தெரியாத மாதிரியே கேட்டுக்கிறேன்."

அங்கேயே, பாதை நடுவிலேயே நின்று அவளிடம் சொன்னேன்.

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, "மெய்யாவா அண்ணி?" என்று கேட்டாள்.