துருக்கிக்குப் போன இறைச்சி

கற்பிட்டியில் சித்தி ஸுலைஹா என்றால் காய்ந்த இறைச்சி. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிடைக்கும் குர்பான் இறைச்சியை உப்பும் மிளகும் மஞ்சளும் பிரட்டி, பச்சை வலை நூலில் கோத்து வெயிலில் காயவைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று ஊர் சொல்லும். ஊர் மறந்தால் அவளே சொல்லிக்கொள்வாள்.

பொரிக்கும் வாசம் போகிற வீட்டுக்குப் பங்கும் போகவேண்டும் என்பது அவள் வீட்டு வழக்கம். அதிலும் நல்லதைத்தான் கொடுக்கவேண்டும். இந்த வருடமும் காயவைத்ததில் கொழுப்பில்லாத தொடை இறைச்சியைப் பக்கத்து வீட்டு ரிஃப்காவுக்குக் கொடுத்துவிட்டு, விலாத் துண்டுகளைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் மாதர் சங்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. மாட்டிறைச்சியைப் பதப்படுத்தும் பழைய முறைகளைப் படிக்க மாவட்டத்திலிருந்து எட்டுப் பெண்களைத் துருக்கிக்குக் கூட்டிப்போகிறார்களாம். சங்கத்துக்கு ஒருத்தி. அவரவர் காயவைத்த இறைச்சியைக் கொண்டுவந்தால் ருசி பார்த்து ஆளைத் தெரிவுசெய்வார்களாம்.

ஸுலைஹா அன்றே துருக்கியில் நடக்கத் தொடங்கிவிட்டாள். கொழும்பைத் தாண்டிப் போகாதவள், தொலைக்காட்சி நாடகத்தில் பார்த்த தெருக்களையெல்லாம் தனக்கென்று எண்ணிக்கொண்டாள். விலாத் துண்டில் கொழுப்புக் காறிப்போயிருந்ததை அவள் கண்டுகொள்ளவில்லை. தன் பேருக்கே சீட்டு கிடைக்கும் என்ற நினைப்பு.

சங்கத்தில் ரிஃப்காவின் தட்டைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. அதே பச்சை வலை நூல், அதே வெட்டு. தான் கொடுத்த தொடை இறைச்சி! ருசி பார்க்கக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஒரு துண்டுக்கு இரண்டாகத் தின்றார்கள்.

"இது யார் செஞ்சது?"

"நான்தான்" என்றாள் ரிஃப்கா.

ஸுலைஹா வாயைத் திறந்தாள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் கொடுத்த நன்மை போய்விடும் என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதப்போன காலத்தில் படித்தது குறுக்கே வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டாள். சீட்டு ரிஃப்காவுக்குப் போனது.

அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரிஃப்கா பழைய உடுப்புக் கடையில் கம்பளிக் கோட்டொன்று வாங்கி, கற்பிட்டி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, "குளிர் தாங்குமா ராத்தா?" என்று வந்து கேட்டாள். "தாங்கும்" என்றாள் ஸுலைஹா. ஐந்து நேரமும் தொழுதுவிட்டு, இவளுக்கு விசா கிடைக்கக்கூடாது என்று கேட்க வாய்வரை வரும். கேட்காமல் எழும்பிவிடுவாள். விசா கிடைத்துவிட்டது.

புறப்படும் நாள் காலையில், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களைப் போல ரிஃப்கா வீடு வீடாக மன்னிப்புக் கேட்டு வந்தாள். பின்னால் தெருப் பெண்கள். ஸுலைஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ராத்தா, உங்கட இறைச்சிய என்ட எண்டு சொல்லிட்டன். மன்னிச்சி ஹலாலாக்குங்க. இல்லாட்டி அங்க என்ன படிச்சாலும் பரக்கத் இரிக்காது."

"இறைச்சி ஹலால்தான். அது நான் தந்தது" என்றாள் ஸுலைஹா. "துருக்கிய நான் தரல்ல."

"அப்ப நான் போகாம நிண்டா? பேர் மாத்த ஏலாதாம். சீட்டு சும்மாதான் போகும்."

"சும்மா போகட்டும்!"

பிறகு ஸுலைஹாவை நிறுத்த யாராலும் முடியவில்லை. தொடை இறைச்சி, பச்சை நூல், ரிஃப்கா சொன்ன பொய், எல்லாவற்றையும் தெருவுக்கே கேட்கக் கொட்டினாள். ரிஃப்கா அழுதுகொண்டே தெருவில் காத்துநின்ற வேனில் ஏறினாள். ஆனால் ஏறினாள். வேன் போய்விட்டது.

உள்ளே இருந்த கணவர் ஹமீட் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசம் பொத்தி வெச்சிருந்தியே! இப்ப துருக்கியும் இல்ல, குடுத்த நன்மையும் இல்ல."

"ஓம், தெரியும்" என்றாள் ஸுலைஹா.

அன்று பகல் அவள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.