கிடேரிகளுக்குப் போன கிழட்டுக் காளை

என் தாய்மாமாவை எல்லோரும் ‘மாப்பிள்ளை வீட்டுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கே இன்னும் கல்யாணமாகவில்லை. பொலிகாளை வளர்த்துப் பண்ணைகளுக்கு இணைசேர்க்க அனுப்புகிறவர். பெண்வீட்டார் தேடிவந்து கைகட்டி நிற்பதால் அந்தப் பட்டம்.

தொழுவத்தில் இரண்டு காளைகள். சின்னவன் முரடன். பெரியவருக்குத் தாடை தொங்கிவிட்டது; நடை ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. மழைக்காலத்தில் வீட்டிலிருக்கும் ஒரே நல்ல போர்வை பெரியவர் முதுகில்தான் கிடக்கும். மாமா கோணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கன்று ஈன்று பழகிய பசுக்களுக்குச் சின்னவனை அனுப்புவார். முதல்முறை இணைசேரும் கிடேரிகளுக்குப் பெரியவர். “புதுப்பொண்ணுங்க மிரளும்யா. பெரியவர்னா பதமா நடந்துக்குவார்” என்பார்.

இந்த வருஷம் பால்பண்ணைக்காரரின் கிடேரி ஒன்றுகூடச் சினை தங்கவில்லை. “என்னய்யா, உங்க பெரியவர் விருந்து சாப்பிட மட்டும்தான் வர்றாரா?” என்று வாசலிலேயே சத்தம் போட்டார். மாமா பதறிப்போய் மாட்டு டாக்டரம்மாவை அழைத்துவந்தார்.

சோதனை முடிவோடு டாக்டரம்மா திரும்பி வந்தார். “பெரியவர்கிட்ட கிருமி இருக்குண்ணே. இணைசேரும்போது ஒட்டிக்கிறது.”

“அவர் ஒரு தும்மல்கூடத் தும்மலையேம்மா!”

“காளைக்கு ஒண்ணும் தெரியாது. வயசாக ஆக, குறியை மூடுற தோல்ல மடிப்பு ஆழமாயிடும். கிருமி அதுல குடித்தனம் நடத்தும். சின்னவனுக்கு இன்னும் அந்த ஆழம் இல்ல, தப்பிச்சான். பழைய பசுக்களுக்கு இந்தக் கிருமி முன்னாடியே பட்டு எதிர்ப்பு வந்திருக்கும். கிடேரிக்கு ஏது? கரு நிக்காது.”

“அப்போ நான் பார்த்துப் பார்த்து அனுப்பினது...”

“யாருக்கு அனுப்பவே கூடாதோ, அவங்களுக்குத்தான் அனுப்பியிருக்கீங்க.”

மாமா பெரியவரின் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றார். “மருந்து?”

“கழுவிப் பார்க்கலாம். இந்த வயசுல முழுசா போகும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“சும்மா கட்டிவச்சு சோறு போடுறேனே?”

“வேலி தாண்டிட்டா? அக்கம்பக்கம் பூரா கிடேரிங்கண்ணே.”

மறுநாள் மாமாவே போய் லாரிக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

வெட்டுக்கு ஏற்றிப்போகும் லாரி வந்தபோது பெரியவர் கயிற்றுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. லாரி என்றால் பெண்வீடு என்று பழகியவர். பலகையில் தானே ஏறி, உள்ளே வசதியாக ஓர் ஓரம் பார்த்து நின்றுகொண்டார்.

“இறங்குய்யா,” என்றார் மாமா. அதட்டல் மாதிரி ஆரம்பித்துக் கெஞ்சலாக முடிந்தது.

மாமா கதவருகே போனார், தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். கடைசியில் டிரைவர்தான் சாத்தினார்.