அடுத்தடுத்து இரண்டு பெண்கள்

வெர்னா, 'கன்ட்ரி' எனும் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகளைப் போடும் ஒரு வானொலி நிலையத்துக்குத் தட்டச்சு செய்ய வந்தவர். அறிவிப்பாளர் குடித்துவிட்டு வராமல் போன ஒருநாள், இவரை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பதினெட்டு வருடமாகியும் எழுந்திருக்கவில்லை. பொழுது விடிந்ததும் தொடங்கி, பொழுது சாய்ந்ததும் ஓய்ந்துவிடும் சின்ன நிலையம். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த கிழக்குக் கென்டக்கியின் மூன்று பள்ளத்தாக்குகளுக்குச் செய்தித்தாளும் சந்தையும் அதுதான்.

கணவர் ஓட்டிஸின் நுரையீரலை நிலக்கரித் தூசி தின்றுவிட்டது. சுரங்கக் கம்பெனி மருத்துவரோ அதற்கு ஆஸ்துமா என்று பெயர் வைத்து நட்டஈட்டைத் தட்டிக் கழித்துவிட்டார். வீட்டில் அடுப்பெரிந்தது வெர்னாவின் சம்பளத்தில்.

ஒலிபரப்பு அறைச் சுவரில் ஓர் அட்டை தொங்கியது: பெண்கள் பாடிய பாட்டு இரண்டை அடுத்தடுத்துப் போடக்கூடாது. போட்டால் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்களாம். ஆண்கள் பத்துப் பேர் வரிசையாக அழுது பாடலாம், தடையில்லை. வெர்னா ஏற்கெனவே ஒருமுறை மீறியிருந்தார். "இன்னொரு தடவைன்னா வீட்டோட இருந்துக்க வேண்டியதுதான்" என்று முதலாளி டெல்மர் நேப்பியர் சொல்லிவைத்திருந்தார்.

1974 ஏப்ரலில் ஒரு நண்பகல். மருத்துவச்சி ஓப்பல் ஃபியூகேட் இறந்த செய்தியை வாசித்துவிட்டு, குடும்பத்தார் கேட்டிருந்த பாட்டின் இசைத்தட்டில் ஊசியை வைத்தார் வெர்னா. பெண் குரல் எழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. சாவுச் செய்திக்கு முன் ஓடியதும் ஒரு பெண்ணின் பாட்டு! நடுவில் பேச்சு வந்தாலும் டெல்மரின் கணக்கில் அது அடுத்தடுத்துதான். ஊசியைத் தூக்கிவிடலாம். ஆனால் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவளின் கடைசிப் பாட்டைப் பாதியில் அறுப்பதா? தூக்கவில்லை.

பாட்டு முடிவதற்குள் டெல்மர் வந்து நின்றார்.

"என்ன வெர்னா இது?"

"செத்தவங்க வீட்டுல கேட்ட பாட்டு."

"செத்தவங்களுக்குச் சலுகைன்னு அட்டையில எழுதியிருக்கா? விளம்பரக்காரன் ஒருத்தன் முணுமுணுத்தாலும் நீ கிளம்பிடு."

போன் அடித்தது. டெல்மரே எடுத்தார். அடக்கம் எந்தச் சர்ச்சில் என்று ஒருத்தி கேட்டாள். அடுத்து ஒருவர், தன் வேட்டை நாய் விலைக்கு இருப்பதாக அறிவிக்கச் சொன்னார். மூன்றாவதாகப் பேசியவர் தீவனக் கடை ஹோபர்ட். நிலையத்துக்கு அதிக விளம்பரம் தருபவர். ஹோபர்ட்டின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"டெல்மர், கோழிக்குஞ்சு புதன்கிழமைதான்யா வருது! உன் காலை அறிவிப்பாளன் செவ்வாய்னு சொல்லித் தொலைச்சுட்டான். கடை வாசல்ல ஒரே கூட்டம்!"

"திருத்திச் சொல்லிடறோம். அந்தப் பாட்டு..."

"எந்தப் பாட்டு?"

"ரெண்டு பொம்பள, அடுத்தடுத்து."

"என் வீட்டுல நாலு பொம்பளைங்க விடிஞ்சதுலேருந்து அடுத்தடுத்துப் பேசுறாங்க. என்னால நிறுத்த முடியுதா? எங்கம்மா வயித்துலேருந்து என்னை வெளிய இழுத்துப் போட்டதே ஓப்பல்தான். வேலையைப் பாருய்யா!"

டெல்மர் போனை வைத்தார். வெர்னாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

"இந்த விதியை யார் போட்டது?"

"எனக்கு நிலையத்தை வித்தவர்."

"அவருக்கு யார் சொன்னாங்க?"

"யாரோ நாஷ்வில்காரன். பாட்டு வியாபாரம் நடக்குற ஊராச்சே."

"எத்தனை பேர் திருப்பினாங்கன்னு யாராவது எண்ணிப் பார்த்தீங்களா?"

டெல்மர் தலையைச் சொறிந்தார். "முதல்ல கோழிக்குஞ்சு புதன்கிழமைன்னு சொல்லு" என்று முனகிக்கொண்டே வெளியேறினார்.

வெர்னா சொன்னார். சொல்லிவிட்டு மூன்றாவதாகவும் ஒரு பெண்ணின் பாட்டைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போன் செய்தார்.

"ஓட்டிஸ், வேலை போகலை."

மறுமுனையில் இருமல். பிறகு சிரிப்பு.

"தெரியுது, தெரியுது. மூணாவது பொம்பள பாடுறாளே. போனை வை, பாட்டுக் கேட்கணும்."