அவசரத்தில் ஊற்றிய மூடிகள்

வேலையாள் கையிலிருந்து நழுவிய மூடி இரண்டாகக் கிடந்தது. பாதாளச் சாக்கடைக்குப் போடும் இரும்பு மூடி. லாரி ஏறினாலும் அசையாத சாமான், முழங்கால் உயரத்திலிருந்து விழுந்து அப்பளமாய் உடைந்தால் யார்தான் நம்புவார்கள்? மாமா, அதாவது என் மாமனார், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயமுத்தூர் கணபதி பகுதியில், இரும்பு வார்க்கும் எங்கள் ஃபவுண்டரியை நடத்தியவர் அவர். ஆபீஸ் வேலை என்னுடையது.

தொண்ணூறுகளில் கோயமுத்தூர் கிடுகிடுவென்று வளர்ந்தது. புதிதாகத் தோண்டிய தெருவெல்லாம் மூடி கேட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் வேண்டுமென்று கான்ட்ராக்டர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊற்றிய இரும்பு மண் அச்சுக்குள்ளேயே மெல்ல ஆற வேண்டும். அந்த முறை மட்டும் மாமா, இரும்பு செக்கச்செவேலென்று இருந்தபோதே அச்சைப் பிரிக்கச் சொன்னார், மேலே தண்ணீரும் ஊற்றச் சொன்னார். அப்படித் திடீரென்று குளிர்ந்தால் உள்ளுக்குள் விரிசல் விடும். தெரிந்தேதான் செய்தார். நேரத்துக்குக் கொடுத்தால் அடுத்த ஆர்டரும் நமக்குத்தான் என்ற ஆசை யாரை விட்டது? அதில் மீந்த மூடிதான் இப்போது உடைந்தது. மற்றதெல்லாம் உக்கடம் ரோட்டில் பதித்தாகிவிட்டது.

"ஏனுங்க மாமா, அந்த வழியாத்தானுங்க நம்ம பாப்பா ஸ்கூலுக்குப் போகுது" என்றேன், என் மகளை நினைத்து. அவர் முகம் செத்துப்போனது. சுத்தியலை எடுத்துக்கொண்டு, "வண்டியில ஏறு கண்ணு" என்றார்.

போகும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மூடியாகக் குனிந்து தட்டினார். நல்ல மூடி கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது டொக்கென்று நின்றுவிடும். அந்த ஹாரன் இரைச்சலில் எங்கே காது கேட்பது? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒன்று சத்தமே கொடுக்கவில்லை. மறுபடி தட்டினார். அதற்குள் டவுன் பஸ் ஒன்று எங்களைப் பார்த்துத் திரும்பியது. மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பஸ்ஸை மறித்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க பெரியவரே, சாவறதுக்கு எம்பட பஸ்தான் கெடைச்சுதா?" என்று டிரைவர் கத்தினார்.

நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர், கூட்டத்துக்கு நடுவில் நனைந்துகொண்டு சொன்னார்: "இது நான் ஊத்துன மூடிங்க. நம்பி வண்டியை ஏத்திப்போடாதீங்க."

அத்தனையும் பெயர்த்தெடுத்து, வேறு ஊற்றிக் கொடுத்தார். ஆர்டரும் போனது, பேரும் போனது. பின்னாளில் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் எந்த ஊர்த் தெருவிலும் மூடியைக் கண்டால் சுற்றித்தான் போகிறேன், பேத்தியையும் இழுத்துக்கொள்கிறேன். ஊற்றியவன் அவசரப்பட்டிருப்பான், அது எனக்குத் தெரியும். மழையில் வந்து தட்டிப் பார்த்திருப்பானா?