மந்திரவாதிக்கும் மனோசக்திக்காரனுக்கும் நடுவில்

ஜார்ஜ் டவுன் காப்பிக்கடை ஒன்றில் சனிக்கிழமைதோறும் நாங்கள் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுவோம். ஆட்டத்தை நடத்துபவர் பாயான் பாரு பகுதியில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சீருடையிலேயே வருவார். குட்டையான மனிதர். யார் வாதாடினாலும் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேசுவார்.

என் பாத்திரம் மனோசக்திக்காரன். பார்வையாலேயே பூதங்களைச் சாய்ப்பான். எங்களோடு ஆடிய ஆசிரியை அக்காவின் மந்திரவாதிக்கோ நாளுக்கு மூன்றே மந்திரங்கள். அவை தீர்ந்ததும் அக்கா சும்மா உட்கார்ந்திருப்பார்.

"அடுத்த வாரம் நான் வரமாட்டேன் லா," என்றார் ஒருநாள்.

ஆட்டத்தை நடத்துபவர் தேநீரைக் குடித்தார். என் பாத்திரத்தின் விவரத் தாளையும் அக்காவினுடையதையும் இடம் மாற்றி வைத்தார். "இன்னிக்கு மட்டும், தம்பி."

அக்கா சிரித்துக்கொண்டே நான்கு பூதங்களைச் சாய்த்தார். மந்திரம் தீர்ந்த நான் இரண்டு மணி நேரம் ஐஸ் மைலோ பானத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, மனோசக்திய கொஞ்சம் கொறச்சிடுங்க," என்றேன்.

"எவ்வளவு? நீயே சொல்லு."

சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார்.

குறைக்கச் சொல்லி நான் கேட்காமலே இருந்திருந்தால் அண்ணன் என்ன செய்திருப்பாரோ, இன்றும் எனக்குத் தெரியவில்லை.