பிசிறு பார்க்கும் கை

“இது ஆசிட் வந்த டிரம்மா அக்கா?” என்று கேட்டேன்.

“ஐய, மாம்பழக் கூழு வந்தது. மோந்து பாரு, இன்னும் வாசன கீது” என்றார் எங்கள் சபை விக்டோரியா அக்கா.

குனிந்து முகர்ந்தேன். மாம்பழம்தான்.

“பாதியா அறுத்தது யாரு?”

“காயலாங்கடைக்காரன். ரம்பத்த வச்சி கன்னாபின்னான்னு இழுத்து வச்சிருந்தான். ஊட்டுக்கு எடுத்தாந்து நான்தான் கத்தில செதுக்குனேன்.” உள்ளங்கையை விளிம்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். “பாரு, கண்ணாடி மாரி கீது.”

அவருடைய கணவர் சாலமோன் அண்ணன் குதிரையின் பிடரியைச் சீவியபடியே சிரித்தார். “கம்பெனில குடத்துக்கு ஓகே சொல்ற கை, ஷைனி. சந்தேகப்பட்டா உனக்கும் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிடுவா.”

“உனக்குத்தான்யா மொதல்ல ஒட்டியிருக்கணும். எங்கம்மா அவசரப்பட்டு பாஸ் பண்ணிடுச்சி.”

ரோசி வந்து தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சத் தொடங்கியது.

ரோசி, கல்யாண ஊர்வலங்களில் சாரட் இழுக்கும் வெள்ளைக் குதிரை. ஓட்டுவது அண்ணன், தீனி, தண்ணீர், குளம்புச் சுத்தம் எல்லாம் அக்கா. கம்பெனி மதில்களுக்குப் பின்னால், மனை போட்டு விற்காமல் கிடக்கும் நிலத்தில் பகலெல்லாம் கட்டியிருப்பார்கள். அலுமினியக் குண்டானில் தண்ணீர் வைத்தால் உதைத்துக் கவிழ்த்துவிடும். அதற்குத்தான் இந்த அரை டிரம்.

அக்காவின் பெற்றோர் ஆரணிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். கல்யாணமாகி இங்கே வந்ததும் அக்கா பிளாஸ்டிக் குடம் வார்க்கும் கம்பெனியில் சேர்ந்தார். அச்சிலிருந்து சூட்டோடு வரும் குடத்தின் ஓரப் பிசிறைக் கத்தியால் நறுக்கி, விரலால் தடவிப் பார்த்து அனுப்புவது அவர் வேலை. கையுறை கொடுப்பார்கள். போட்டால் பிசிறு தெரியாது என்று அந்தப் பிரிவில் யாரும் போடுவதில்லை. அக்கா தடவி அனுப்பிய குடம் திரும்பி வராது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சித்திரை மாத ஞாயிறு ஒன்றில் ஆராதனை முடிந்து அக்காவும் அண்ணனும் நானும் அந்த வழியாக நடந்து வந்தோம். வெயில் கொளுத்தியது. ரோசி தொட்டித் தண்ணீரை முன்னங்காலால் அளைந்துகொண்டிருந்தது. வெயில் காலத்தில் அதற்கு அது விளையாட்டு. “தே, தே, கால எடு!” என்று அக்கா கத்துவதற்குள் குளம்பு விளிம்பின் மேல் அழுந்தியது. பட்டென்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து அடிவரை டிரம் கிழிந்தது. தண்ணீர் கொட்டியது. அந்தக் கிழிசலுக்குள் கால் இறங்கி, குளம்புக்கு மேலே மாட்டிக்கொண்டது.

ரோசி காலைத் தூக்கியது. தொட்டியும் கூடவே எழுந்து அதன் முழங்காலில் மோதியது. கண் வெள்ளை தெரிய மிரண்டது.

அண்ணன் ஓடிப்போய்த் தொட்டியைப் பிடித்தார். “இழுக்காதய்யா!” அக்கா கத்தினார். “இழுத்தா நரம்ப அறுத்துடும். கால் போச்சினா குதிர போச்சி. நீ தலைய புடி. பேசிக்கினே இரு.”

அண்ணன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் காதோரம் முனகினார். “ஒண்ணுமில்லடி என் ராஜாத்தி. ஒண்ணுமில்ல.”

“ஷைனி, அந்தப் பக்கம் குந்து. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விரிக்கணும்.”

நான் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு கிழிசலின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறுபக்கத்தை அக்கா வெறுங்கையால் பிடித்தார். பிளாஸ்டிக் விறைப்பாக இருந்தது. விரித்தால் விரலளவு விரிந்தது, பிடி தளர்ந்தால் மறுபடி காலைக் கவ்வியது. மதிலுக்கு அப்பால் ஏதோ ஒரு லாரி இரும்புக் கழிவைக் கொட்டும் சத்தம் இடி போல விழுந்தது. ரோசியின் உடல் முழுக்கச் சிலிர்த்தது. ஒரு உதை உதைத்திருந்தால் எங்கள் இருவர் முகத்திலும்தான் பட்டிருக்கும்.

“கர்த்தரே, கர்த்தரே… இப்ப விரி!”

முழு பலத்தோடு இழுத்தோம். அக்கா தோளால் குதிரையின் காலை முட்டி மேலே தள்ளினார். கால் வெளியே வந்தது. ரோசி இரண்டடி பின்னால் போய், மூச்சிரைத்து நின்றது.

அதன் வெள்ளைக் காலில் ரத்தம் வழிந்திருந்தது. அக்கா அதன் காலடியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைக்கத் துடைக்க ரத்தம் அதிகமானது. “எங்க வெட்டிச்சி? ஒண்ணும் தெரியலையே!” காயத்தைத் தேடி அழத் தொடங்கினார். காலில் முடி உரிந்த சிராய்ப்பு மட்டும்தான் இருந்தது.

“அக்கா, உங்க கை” என்றேன்.

உள்ளங்கை குறுக்கே பிளந்திருந்தது. அதை அவர் வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். “எப்ப ஆச்சி இது?” என்றார்.

அண்ணன் மிதித்துப் புரட்டிய டிரம்மில் கிழிசல் தொடங்கிய இடத்தைப் பார்த்தேன். ரம்பம் முதலில் இறங்கிய இடத்தில் ஒரு சிறு வெட்டு, செதுக்கப்படாமல் அப்படியே இருந்தது. அக்காவும் அதைப் பார்த்தார். விரலால் அதை மூன்று நான்கு முறை தடவினார்.

கையில் தையல் பிரித்த பிறகு, அண்ணன் ஒரு பழைய லாரி டயரும் வேறொரு அரை டிரம்மும் கொண்டுவந்தார். டயருக்குள் உட்கார்த்தினால் தொட்டி கவிழாது. விளிம்பில் மாட்ட ரப்பர் பைப்பை நீளவாக்கில் கீறி வைத்திருந்தார். அக்கா விளிம்பைச் செதுக்கி முடித்து, அண்ணனைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினார். அவர் தூரம் போகும்வரை காத்திருந்துவிட்டு, பக்கத்தில் என் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, பைப்ப மாட்றதுக்கு முன்ன நீ ஒரு தபா சுத்தித் தடவிப் பாரு. எங்கனா கையில புடிச்சா சொல்லு. என் கைக்கு ஒண்ணும் தெரியல.”