அன்சாரி வாங்கிய சத்தமில்லாத மோட்டார்

தமீம் அன்சாரிக்கு ஒரு குணம் உண்டு. யாரையும் கேட்காமல் எதையாவது வாங்கிவிடுவார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, காரைக்காலில் சபர் போய்வந்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. பிழைப்புக்குக் கடல் தாண்டிப் போவதைத்தான் இங்கே முஸ்லிம் வீடுகளில் சபர் என்பார்கள். அங்கே ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டால் போதும், வீட்டு நினைப்பு பொங்கிக்கொண்டு வரும். வீட்டில் என்ன வேண்டும் என்று கேட்க மட்டும் தோன்றாது. இருபத்து மூன்று வருஷத்தில் அன்சாரி தன் மனைவி நஜீபாவுக்கு நான்கு இஸ்திரிப்பெட்டி வாங்கி வந்தார். ஒரு வீட்டுக்கு நான்கு இஸ்திரிப்பெட்டி எதற்கு? நஜீபா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "நல்லா இருக்கு மச்சான்" என்று வாங்கி, துடைத்து, பீரோவின் மேல் அடுக்கி வைத்துவிட்டாள்.

துபாயில் அவருக்கு ஒரு ஹோட்டலில் வேலை. பெரிய உத்தியோகம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஹோட்டல் முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் உயிருள்ள பவளங்களும் மீன்களும். கண்ணாடியைத் துடைத்து, உப்பை அளந்து போட்டு, தண்ணீரைச் சுழலவிடும் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வதுதான் அந்த உத்தியோகம். தொட்டிக்குப் பின்னால் இருந்த மோட்டார் அறையில்தான் பொழுது போகும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அங்கே உட்கார்ந்துகொண்டுதான் வீட்டுக்குப் போன் போடுவார். "அஸ்ஸலாமு அலைக்கும் நஜீபா, சாப்டியா?" என்று ஆரம்பிப்பார். பேச்சு முடியும்போது, "எப்ப வர்றீங்க மச்சான்?" என்பாள். "இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். இது மாறியதே இல்லை.

முதல் தடவை பேசியபோது அவள், "என்ன இப்புடி இரையுது? மெஷினுக்குள்ள உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்து மழுப்பிவிட்டார். ஆனால் அது மனசில் தைத்துவிட்டது. கட்டினவளோடு வாரத்துக்கு ஒருமுறை பேச ஓர் அமைதியான இடம்கூட வாய்க்கவில்லையே என்று கடைசிவரைக்கும் அவருக்குக் குறைதான்.

ஊரோடு வந்து ஏழு வருஷமாகிறது. அவர் கிளம்பும் சமயம் ஹோட்டலில் தொட்டியை மாற்றிக் கட்டினார்கள். கழற்றிப் போட்டதில் சின்னதாக ஒரு மோட்டாரை மேனேஜர் அவருக்கே கொடுத்துவிட்டார். அதை ஒரு கைலியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து, கூடத்தில் நாலடித் தொட்டி வைத்து அதில் இறக்கினார். கடலை ரெண்டு கிலோமீட்டரில் வைத்துக்கொண்டு உப்பை மூட்டையாக வாங்கி வீட்டுக்குள் கடல் செய்கிறாரே என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். அரசலாறு வந்து கலக்கும் சேற்றுத் தண்ணீரில் பவளம் பிழைக்காது என்று சிரித்தவர்களுக்கு எங்கே தெரியும்? சென்னைக் கடையிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு வாங்கி வந்தார். தோல் பவளம் என்று பெயர், பார்க்கக் காளானைப் போல இருக்கும். இன்றைக்கு அது சோற்றுத் தட்டு அகலத்துக்கு நிற்கிறது. ஹோட்டலில் எத்தனையோ வளர்த்தார், ஒன்றுகூட அவருடையது கிடையாது. இது அவருடையது.

இந்த ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கரண்ட் திரும்பினாலும் மோட்டார் எழுந்திருக்க மறுத்தது. இரண்டு தட்டுத் தட்டினால் ஓடும், ஓடினால் இரைச்சல் வாசல்வரை கேட்கும். கழற்றிப் பார்த்தார். உள்ளே சுழலும் காந்தத்தின் மேல்பூச்சு வெடித்துத் துரு கசிந்துகொண்டிருந்தது. துரு இறங்கிய தண்ணீர் பவளத்துக்கு விஷம். போதாக்குறைக்கு நீரோட்டம் நின்று நின்று போனதில் தோல் பவளம் சுருங்கிக்கொண்டு, மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு படலம் கட்டியிருந்தது. தண்ணீர் வேகமாக வந்து அடித்தால் படலம் உரிந்துவிடும். இல்லையென்றால் அதற்கடியிலேயே அழுகத் தொடங்கும். நான்கு நாளாக அது விரியவில்லை. அன்சாரிக்குச் சோறு இறங்கவில்லை.

புது மோட்டார் வாங்கியே ஆகவேண்டும். வாங்குவதுதான் வாங்குகிறோம், சத்தமே இல்லாததாகப் பார்த்து வாங்குவோம் என்று முடிவு செய்தார். மதியம் ளுஹர் தொழுதுவிட்டு நஜீபா தொட்டிக்குப் பக்கத்தில்தான் பாயை விரித்துக் கண்ணயர்வாள். உள்ளே இரண்டு அறை காலியாகக் கிடக்கிறது, போகமாட்டாள். கூடத்தில்தான் காற்று வருகிறதாம். பாவம், இந்த இரைச்சலில் எப்படித்தான் தூங்குகிறாளோ என்று அவருக்கு இருக்கும். அவளை ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், இல்லை. அதுதான் முதலிலேயே சொல்லியாயிற்றே.

பிடிக்காததைத் திருப்பி அனுப்புவேன் என்று பேசி, சென்னையிலிருந்து இரண்டு மோட்டாரை வரவழைத்தார். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வரிச்சிக்குடிக்குப் போனார். அங்கே சிவக்குமார் என்று ஒருவர், வயல் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். மோட்டார் விஷயத்தில் அன்சாரி வேறு யாரையும் நம்பமாட்டார்.

"என்ன பாய், பொம்மை மோட்டாரோட வந்திருக்கீங்க?"

"உங்க மோட்டாரு நின்னா நெல்லு நாலு நாளு தாங்கும் தம்பி. இது நின்னா எனக்கு அரை நாளு தாங்காது."

"அப்ப எவ்வளவு வேகமா தள்ளுதுன்னு பாக்காதீங்க. நின்னா திரும்ப எந்திரிக்கிதான்னு பாருங்க."

பட்டறைச் சிமெண்டுத் தொட்டியில் முதல் மோட்டாரை இறக்கினார்கள். பிய்த்துக்கொண்டு தள்ளியது. அன்சாரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சிவக்குமார் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டார். நான்காவது தடவை அது திக்கியது. ஏழாவது தடவை எழுந்தது, ஆனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. "இது வேணாம் பாய்" என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

இரண்டாவது மோட்டார் பேட்டரியிலும் ஓடுகிற ரகம். இருபது தடவை அணைத்துப் போட்டும் சளைக்கவில்லை. ஒரு பழைய பைக் பேட்டரியில் மாட்டினார், அதிலும் ஓடியது.

"உள்ள சுத்துற இம்பெல்லர் தனியா கிடைக்குமா? அது கிடைக்கலைன்னா மொத்த மோட்டாரும் குப்பைக்குத்தான் போவும்."

"கேட்டுட்டேன். கிடைக்கும்."

"அப்ப இதான். காதை வச்சுப் பாருங்க."

அன்சாரி குனிந்து தொட்டியோரம் காதை வைத்தார். ஒன்றுமே கேட்கவில்லை. கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. இது மட்டும் துபாயில் அன்றைக்கு இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டார்.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் சிவக்குமார்.

"அவளுக்கு இதுல என்ன தெரியும்?"

புது மோட்டாரை மாட்டிய மூன்றாம் நாள் படலம் உரிந்து போயிற்று. நான்காம் நாள் தோல் பவளம் மெதுவாக விரிந்து தண்ணீரில் அசைந்தது. அன்சாரி நாற்காலியைப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். நஜீபாவும் வந்து பார்த்தாள். "நல்லா இருக்கு மச்சான்" என்றாள். இஸ்திரிப்பெட்டிகளுக்குச் சொன்ன அதே "நல்லா இருக்கு". அவர் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் ளுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்தபோது கூடத்தில் பாய் மட்டும் கிடந்தது. கொல்லைப் பக்கம் ஏதோ இரைந்தது. போய்ப் பார்த்தால், நீல வாளியில் தண்ணீர் பிடித்து, பழைய மோட்டாரை அதில் போட்டு ஓடவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள் நஜீபா.

"என்ன வேலை பாக்குறே? ஷாக் கீக் அடிச்சா என்னாவறது?"

"உங்களை மாதிரியே ரெண்டு தட்டு தட்டுனேன், எந்திரிச்சிருச்சு" என்றாள். பிறகு, "அஞ்சு நாளா தூக்கம் வரல மச்சான்" என்றாள்.

"சத்தமே இல்லாத மோட்டாரு வாங்கிப் போட்டிருக்கேன், இப்பப் போய் தூக்கம் வரலங்கிறே?"

"அதனாலதான் வரல." கண்ணைத் திறந்து வாளியைப் பார்த்தாள். "நீங்க அங்கேருந்து போன் போட்டா மொதல்ல இந்த இரைச்சல்தான் வரும். ரெண்டு செகண்டு இதுதான் கேக்கும், அப்புறம்தான் சலாம் சொல்லுவீங்க. இது கேட்டா நீங்க லைன்ல இருக்கீங்கன்னு அர்த்தம். சட்டுனு நின்னுச்சுன்னா போன் கார்டுல காசு தீந்து கட்டாயிடுச்சுன்னு அர்த்தம். இப்ப கூடத்துல படுத்தா லைன் கட்டானாப்புலயே இருக்கு."

அன்சாரி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். எந்த இரைச்சலுக்காக இத்தனை வருஷம் நொந்துகொண்டாரோ, அதைத்தான் இவள் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா புள்ள?"

"நீங்க கேக்கலயே."

"திரும்ப இதைத் தொட்டியில போட முடியாது நஜீபா. துரு எறங்கி பவளம் செத்துரும்."

"தெரியும். அதான் வாளியில போட்டேன்."

கொஞ்ச நேரம் இருவரும் மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அன்சாரி அவள் பக்கம் திரும்பினார். "வேற எதாச்சும் வேணுமா உனக்கு?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார்.

"இஸ்திரிப்பெட்டி வேணாம்" என்றாள் நஜீபா.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்த அன்சாரி கூடத்துக்கு வராமல் நேராகக் கொல்லைக்குப் போனார். கூடத்தில் பாயில் படுத்திருந்த நஜீபாவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். முதலில் இரைச்சல் வந்தது. ரெண்டு செகண்டு அது மட்டும்தான் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் நஜீபா, சாப்டியா?"

நஜீபா எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வஅலைக்கும் ஸலாம். சாப்ட்டேன்" என்றாள். பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "எப்ப வர்றீங்க மச்சான்?"

"இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, மோட்டாரை நிறுத்தாமல், அன்சாரி கூடத்துக்கு நடந்தார்.